முதலில் கம்ப்யூட்டரில் மோதுங்கள், பிறகு விமானம் வாங்குங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் என்ன நடக்கும்? பிள்ளைகள் கேம்ஸ் ஆடுவார்கள். பெரியவர்கள் "இதுக்கா இவ்வளவு பணம் கொடுத்தோம்?" என்று கேட்பார்கள். பெருநகரில் என் அக்கா வீட்டிலும் இதுதான் நடந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகன் கார் ரேஸ் ஆடி அலுத்துப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தான். "மாமா, எனக்கு ஒரு ரிமோட் ஏரோப்ளேன் வாங்கிக் குடு" என்றான்.

நான் சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். அவன் கேட்டதும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. காரணம், இதே ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு தவறு. அந்தத் தவறை நீங்களும் செய்யக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை. முதல் ரேடியோ கன்ட்ரோல் விமானத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதற்கு உங்களது கம்ப்யூட்டர் எப்படி உதவும் என்பதைப் பார்ப்போம்.

12 வினாடியில் 9 ஆயிரம் ரூபாய்

நடிகர் அஜித் குமாருக்கு மாதிரி விமானங்களில் ஆர்வம் உண்டு என்பது பலருக்கும் தெரியும். 2018-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தைச் சேர்ந்த 'தக்‌ஷா' மாணவர் குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். அந்தக் குழு அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அந்தச் செய்தியைப் படித்த சூட்டோடு சூடாக நானும் ஒரு விமானம் வாங்கினேன். இரண்டாம் உலகப் போர் காலத்துப் போர் விமானத்தின் மாதிரி அது. பார்க்க அவ்வளவு அழகு. விலை 9 ஆயிரம் ரூபாய். "இன்ஜினியரிங் படித்த நமக்கு இது ஒரு விஷயமா?" என்று நினைத்தேன்.

எங்கள் வயலில் நின்று அதை மேலே எறிந்தேன். அது அம்பு போலப் போனது. திருப்பினேன், திரும்பியது. ஆனால் என்னை நோக்கி வர ஆரம்பித்ததும் எந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுவது என்று புரியவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் நடந்தேன். "டேய், நில்லு! பின்னாடி கிணறு!" என்று என் தாய்மாமா அலறினார். நின்றேன். இரண்டே அடி பின்னால் கட்டுச்சுவர் இல்லாத தரைக்கிணறு. விமானம் வரப்பில் குத்தி மூன்று துண்டாகிக் கிடந்தது. மொத்தம் 12 வினாடி பறந்திருக்கும்.

போன பணத்தைச் சம்பாதித்து விடலாம். கிணற்றில் விழுந்திருந்தால்? இப்போது அதே வயலுக்கு அக்கா மகனைக் கூட்டிப் போக வேண்டும். அதனால்தான் இந்த முறை முறையாகச் செய்வது என்று முடிவு செய்தேன்.

ஏன் விழுகிறது?

விமானம் உங்களுக்கு முதுகு காட்டிப் போகும்போது வலது என்றால் வலதுதான். அதே விமானம் உங்களை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழ். நீங்கள் வலப்பக்கம் தள்ளினால் அது உங்கள் இடப்பக்கம் போகும். தரையில் ஓடும் ரிமோட் காரிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஆனால் காரை நிறுத்திவிட்டு யோசிக்கலாம். விமானத்தை நிறுத்த முடியாது.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்தப் பக்க இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள். இறக்கை நிமிர்ந்து விடும். படிக்கும்போது புரிந்துவிடும். ஆனால் கைக்குப் புரிய பல மணி நேரம் ஆகும். அந்தப் பல மணி நேரத்தை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி. வயலிலா, கம்ப்யூட்டரிலா?

எந்த வகை விமானம்?

முதல் விமானத்துக்கு மின்சார மோட்டார் வைத்த கிளைடர்தான் நல்லது. கிளைடர் என்றால் சறுக்கி இறங்கும் விமானம். மோட்டாரை நிறுத்தினாலும் கல் போல விழாது. 50 மீட்டர் உயரத்தில் மோட்டாரை நிறுத்தினால், காற்று அமைதியாக இருந்தால் தரைக்கு வர ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுக்கும். யோசிப்பதற்கு அது போதுமான நேரம். வாங்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. இறக்கை உடம்பின் மேல்பக்கம் இருக்க வேண்டும். இறக்கையின் இரு முனைகளும் சற்று மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட விமானம் சாய்ந்தாலும் ஓரளவு தானே நிமிர்ந்துகொள்ளும்.

2. விசிறி மூக்கில் இல்லாமல் இறக்கைக்குப் பின்னால் இருப்பது நல்லது. மூக்கு தரையில் குத்தினாலும் மோட்டாரும் விசிறியும் பெரும்பாலும் தப்பிவிடும். ஜெர்மனியின் மல்டிப்ளெக்ஸ் நிறுவனத்தின் 'ஈஸிஸ்டார்' இந்த அமைப்பில் உலகப் புகழ் பெற்றது. பிறகு வந்த 'பிக்ஸ்லர்' போன்றவையும் இதே அமைப்புதான்.

3. இ.பி.ஓ. அல்லது இ.பி.பி. எனப்படும் ஃபோமில் செய்ததாக இருக்கட்டும். டிவி பெட்டிக்குள் வரும் தெர்மோகோல் எளிதில் நொறுங்கும். பால்சா மரத்தில் செய்த விமானம் அழகுதான், ஆனால் உடைந்தால் ஒட்டுவதற்கு வாரக் கணக்கில் ஆகும். இ.பி.ஓ. ஃபோம் நசுங்கினால் சூடான தண்ணீர் ஊற்றினாலே பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

4. மூன்று அல்லது நான்கு சானல் போதும். சானல் என்றால் தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை. மோட்டார் வேகம், வாலில் உள்ள சுக்கான், மேலே கீழே போக எலிவேட்டர் ஆகியவை மூன்று சானல். இறக்கையில் உள்ள அய்லரான் நான்காவது.

5. இறக்கை, வால், விசிறி ஆகியவை தனித்தனியாக விலைக்குக் கிடைக்க வேண்டும். கடைக்காரரிடம் முதலில் இதைக் கேளுங்கள். "முழு விமானம்தான் சார் கிடைக்கும்" என்றால் வேறு கடை பாருங்கள்.

கால்குலேட்டரில் ஒரு கணக்கு

பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து விமானம் வாங்கக்கூடாது. அதில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள்.

ஒரு கிளைடரின் இறக்கை நீளம் 140 செ.மீ., சராசரி அகலம் 18 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 2,520 சதுர செ.மீ. இதை 100-ஆல் வகுத்தால் 25.2 சதுர டெசிமீட்டர். விமானத்தின் எடை 700 கிராம் என்றால் 700-ஐ 25.2-ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 28. அதாவது ஒவ்வொரு சதுர டெசிமீட்டர் இறக்கையும் 28 கிராம் சுமக்கிறது.

இப்போது ஒரு போர் விமான மாதிரியைப் பார்ப்போம். இறக்கை நீளம் 80 செ.மீ., அகலம் 18 செ.மீ., எடை 900 கிராம். பரப்பு 14.4. விடை 62.5.

இந்த எண் கூடக் கூட, விழாமல் பறக்கத் தேவையான வேகமும் கூடும். முதல் விமானத்துக்கு அது மணிக்குச் சுமார் 25 கி.மீ. இரண்டாவதற்குக் குறைந்தது 37 கி.மீ. நல்ல வேகத்தில் போகும் சைக்கிளைக் கையால் தடவித் திருப்புவதற்கும், மொபெட்டைத் திருப்புவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடை 30-க்குள் இருந்தால் வாங்கலாம். 40-ஐத் தாண்டினால் முதல் விமானமாக அது வேண்டாம். என் போர் விமானத்துக்கு வாங்குவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் 9 ஆயிரம் மிச்சம்.

ரேடியோவை முதலில் வாங்குங்கள்

பலரும் விமானத்தையும் ரேடியோவையும் ஒரே பெட்டியில் வாங்கிவிடுகிறார்கள். நான் சொல்வது வேறு. முதலில் ரேடியோவை மட்டும் வாங்குங்கள். விமானம் பிறகு.

இப்போது வரும் ரேடியோக்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன. உங்கள் வீட்டு வை-ஃபையும் பயன்படுத்தும் அதே அலைவரிசைதான். உங்கள் ரேடியோவையும் விமானத்தில் உள்ள ரிசீவரையும் ஒரு முறை அறிமுகப்படுத்தி வைத்துவிட்டால், பிறகு அந்த ரிசீவர் வேறு ரேடியோவின் பேச்சைக் கேட்காது. இதற்கு 'பைண்டிங்' என்று பெயர். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 போன்ற ஆறு சானல் ரேடியோ ஆரம்பத்துக்குப் போதும். அடுத்தடுத்து வாங்கும் விமானங்களுக்கும் இதையே பயன்படுத்தலாம். வாங்கும்போது 'மோட் 2' என்று கேட்டு வாங்குங்கள். இதில் மோட்டார் வேகம் இடது ஸ்டிக்கில் இருக்கும். நம் நாட்டில் பெரும்பாலோர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அப்போதுதான் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தர முடியும்.

ரேடியோவுடன் ஒரு சிமுலேட்டர் கேபிளும் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். ஒரு முனை ரேடியோவின் பின்புறம் உள்ள 'ட்ரெய்னர் போர்ட்'டில் பொருந்தும். மறுமுனை கம்ப்யூட்டரின் யூஎஸ்பி போர்ட்டில் பொருந்தும்.

கம்ப்யூட்டருடன் இணைப்பது எப்படி?

கேபிளைச் செருகி ரேடியோவை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் அதை ஒரு ஜாய்ஸ்டிக்காக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் டிரைவர் சிடி எதுவும் தேவைப்படாது. ஸ்டார்ட் மெனுவின் தேடும் இடத்தில் 'கேம் கன்ட்ரோலர்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். வரும் பட்டியலில் 'செட் அப் யூஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். உங்கள் கேபிளின் பெயர் அதில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து 'ப்ராப்பர்ட்டீஸ்' கிளிக் செய்து, 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'கேலிப்ரேட்' கொடுங்கள். திரையில் சொல்கிறபடி ஸ்டிக்குகளை நான்கு மூலைக்கும் நகர்த்துங்கள். அவ்வளவுதான்.

சிமுலேட்டர் ப்ரோகிராம்களில் 'பிகாசிம்' இலவசமாகக் கிடைக்கிறது. கிளைடர்களுக்கென்றே எழுதப்பட்டது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். 'சிஆர்ஆர்சிசிம்' என்பதும் இலவசம்தான். பணம் கொடுத்து வாங்குவதில் 'ரியல்ஃப்ளைட்' பெயர் பெற்றது. முதலில் இலவச ப்ரோகிராமே போதும். அதை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே டவுன்லோடு செய்யுங்கள். வேறு தளங்களில் வைரஸும் சேர்ந்து வரலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கேமரா விமானத்தின் பின்னாலேயே போகும் காட்சியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தரையில் நிற்பவர் பார்க்கும் காட்சியை வையுங்கள். வயலில் நீங்கள் தரையில்தான் நிற்கப் போகிறீர்கள்.

மூன்று வாரப் பாடம்

அக்கா மகனுக்கு நான் போட்ட திட்டம் இது. தினமும் பள்ளி விட்டு வந்ததும் 20 நிமிடம். ஒவ்வொரு முறை விமானம் மோதும்போதும் ஒரு நோட்டில் கோடு போட வேண்டும்.

முதல் வாரம்: உயரத்திலேயே பறக்க வேண்டும். நேராகப் போவதும் மெதுவாகத் திரும்புவதும் மட்டும்.

இரண்டாம் வாரம்: விமானத்தைத் தன்னை நோக்கி வரவழைக்க வேண்டும். பிறகு ஆங்கில எட்டு வடிவில் சுற்ற வேண்டும். எட்டு போட்டால் இடது வளைவு, வலது வளைவு இரண்டும் பழகும்.

மூன்றாம் வாரம்: மோட்டாரை நிறுத்திவிட்டுத் தரையிறக்க வேண்டும்.

முதல் நாள் நோட்டில் 41 கோடுகள் இருந்தன. அக்காவிடம் காட்டினேன். "இத்தனை ஏரோப்ளேன் வாங்கினா வயலையே விக்கணும்டா" என்றாள். மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு கோடும் இல்லாத நாள் வந்தது. பத்து தடவை தொடர்ந்து உடையாமல் தரையிறக்கினால்தான் விமானம் என்று சொல்லியிருந்தேன். அவன் செய்து காட்டிவிட்டான். அன்று இரவுதான் விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தேன்.

பேட்டரியிடம் கவனம் தேவை

1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குயீன்' என்ற மின்சார மாதிரி விமானத்தை ரேடியோ மூலம் பறக்கவிட்டார். அதன் பிறகும் பல ஆண்டுகள் மின்சார விமானம் பரவவில்லை. பேட்டரியின் எடைதான் காரணம். எடை குறைந்த லித்தியம் பாலிமர் பேட்டரி வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

இந்த பேட்டரி லேப்டாப் பேட்டரியின் உறவினர்தான். ஆனால் லேப்டாப்பில் உள்ள பாதுகாப்பு சர்க்யூட் இதில் கிடையாது. பாதுகாப்பு உங்கள் பொறுப்பு. 2,200 மில்லி ஆம்பியர்-அவர் பேட்டரியை 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்ய வேண்டும். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சமன் செய்யும் 'பேலன்ஸ் சார்ஜர்' அவசியம். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. கட்டில் மேல் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். சிமெண்ட் தரையில் வையுங்கள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். உப்பிப்போன பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். அது தீப்பிடிக்கக்கூடும். பல நாள் பறக்க மாட்டீர்கள் என்றால் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.

பறக்கும்போது பேட்டரி குறைந்தால் என்ன ஆகும்? வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை மட்டும் நிறுத்திவிடும். சுக்கானுக்கும் எலிவேட்டருக்கும் இன்னும் சிறிது நேரம் மின்சாரம் கிடைக்கும். கிளைடர் என்றால் அந்த நேரத்தில் சறுக்கி இறங்கிவிடலாம்.

எங்கே, எப்போது பறக்கவிடுவது?

காலை ஆறரை மணிக்குக் காற்று அடங்கியிருக்கும். வேப்ப இலை லேசாக அசைந்தால் பறக்கவிடலாம். கிளை ஆடினால் வீட்டுக்குத் திரும்புங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். 700 கிராம் ஃபோம் எம்மாத்திரம்?

அறுவடை முடிந்த வயல் நல்ல இடம். வைக்கோல் தாள் மெத்தை போல விமானத்தைத் தாங்கும். வயல்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் தண்ணீர் இல்லாத மாதங்களில் செய்யாற்று மணலும் உண்டு. ஆனால் தைப்பூசத்துக்கு ஆற்றில் சாமிகள் கூடும்போது கூட்டம் சேரும். ஆட்கள், மாடுகள் இருக்கும் இடத்தின் மேல் எப்போதும் பறக்கவிடக் கூடாது. மின்கம்பியில் விமானம் சிக்கினால் தொரட்டி கொண்டு இழுக்காதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். விமானம் போனால் போகட்டும்.

கிணற்றுக் கதையை மறக்காதீர்கள். நிற்கும் இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போடுங்கள். விமானம் இறங்கும் வரை அந்த வட்டத்தை விட்டுக் கால் வெளியே போகக்கூடாது. துணைக்கு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ரேடியோவை முதலில் ஆன் செய்து, பிறகுதான் விமானத்தில் பேட்டரியை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது இதற்கு எதிர்வரிசை. பேட்டரி இணைத்துவிட்டால் விசிறிப் பக்கம் விரலைக் கொண்டு போகாதீர்கள். காற்று வரும் திசையைப் பார்த்து, மேல்நோக்கி அல்லாமல் நேராக எறியுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்

2021 ஆகஸ்டில் மத்திய அரசு டிரோன் விதிகளை வெளியிட்டது. மாதிரி விமானங்களும் இதில் அடங்கும். 250 கிராம் வரை 'நானோ', அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ' வகை. பொழுதுபோக்குக்காக மைக்ரோ வகையை இயக்க பைலட் உரிமம் தேவையில்லை. ஆனால் விமானம் உங்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்க வேண்டும். பச்சை மண்டலத்திலும் 120 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது. அரக்கோணத்தில் கடற்படை விமான தளமும் தாம்பரத்தில் விமானப் படைத் தளமும் இருக்கின்றன. ஆகவே "கிராமம்தானே" என்று இருந்துவிடாமல், உங்கள் ஊர் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் டிரோன் வரைபடத்தில் பாருங்கள். பதிவு, காப்பீடு பற்றிய விதிகளையும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் இணைய தளத்தில் படித்துக்கொள்ளுங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன.

2022 பிப்ரவரியில் முழுமையாகத் தயாரான வெளிநாட்டு டிரோன்களின் இறக்குமதியை அரசு தடை செய்தது. உதிரி பாகங்களுக்கு அந்தத் தடை இல்லை. வெளிநாட்டுத் தளத்தில் மலிவாக இருக்கிறதே என்று விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தால் அது சுங்கத்தில் நின்றுவிடலாம். உள்ளூர்க் கடையில் பில்லுடன் வாங்குவதே நல்லது. கல்லூரி மாணவர்கள் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தால் மாதிரி விமானம் செய்யவும் பறக்கவிடவும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம்.

அந்தக் காலை

பிப்ரவரி மாதம், சம்பா அறுவடை முடிந்த வயல். அக்கா மகன் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்றான். கிணற்றுப் பக்கம் என் தாய்மாமா நின்றார். நான் விமானத்தை எறிந்தேன். அது மெதுவாக ஏறியது. வயலின் கோடியில் திரும்பி எங்களை நோக்கி வந்தபோது என் கைதான் நடுங்கியது, அவன் கை நடுங்கவில்லை. ஆறு நிமிடம் பறக்கவிட்டு, மோட்டாரை நிறுத்தி, தாளின் மேல் சறுக்கி இறக்கினான்.

"கம்ப்யூட்டரை விட இது ஈஸியா இருக்கு மாமா" என்றான்.

அவன் நோட்டைக் கையோடு கொண்டு வந்திருந்தான். அன்று அதில் கோடு போட வேலை இல்லை. உங்கள் வீட்டிலும் விமானம் கேட்டு யாராவது அடம் பிடித்தால், இன்று இரவே சிமுலேட்டரை டவுன்லோடு செய்யுங்கள். ஒரு நோட்டும் வாங்கி வையுங்கள். விமானக் கடைக்குப் பிறகு போகலாம்.